திக்தேயா, ஃபோனிக்ஸா, அட்டையா? மொரிஷியஸ் வீடுகளில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்

தைப்பூசக் காவடி முடிந்து பள்ளிக்கூடம் ஒரு நிலைக்கு வந்ததும், கிரேட் 1, கிரேட் 2 பிள்ளைகளின் அம்மாக்கள் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சொல்லித்தருவது தமிழ். கேள்வி என்னவோ இங்கிலீஷைப் பற்றித்தான் இருக்கும், அதுவும் பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். ஸ்பெல்லிங் மண்டையில் நிற்கவே இல்லை மிஸ், தினமும் பத்து வார்த்தை திக்தே (சொல்லச் சொல்ல எழுதுவது) போடட்டுமா, எழுத்தின் ஒலியைச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வீடியோ காட்டட்டுமா, டியூஷனுக்கு அனுப்பட்டுமா? மூன்றில் எது என்று கேட்டால் என் ஓட்டு நான்காவதற்கு: வார்த்தைகளைச் சின்ன அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ஒரே மாதிரி எழுதப்படுகிறவற்றைப் பிள்ளையே குவியல் குவியலாகப் பிரிக்கிற முறை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்றவற்றுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அவற்றிலும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. டியூஷனில் கொஞ்சம் குறைவு.

முதலில் நம் பிள்ளையின் நிலைமை. லண்டனிலோ சென்னையிலோ எழுதப்பட்ட ஆலோசனை இங்கே அப்படியே செல்லுபடியாகாது. மொரிஷியஸில் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் பேசுவது கிரியோல். வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் கணக்குப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் இங்கிலீஷில். பிரெஞ்சும் கிரேட் 1-லேயே ஆரம்பித்துவிடுகிறது. 1810-ல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் மொழியிலும் வழக்கத்திலும் கைவைக்கவில்லை. அதன் பலனை இன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளை அனுபவிக்கிறது. அதற்கு மேல் விருப்பப் பாடமாக நம் தமிழ். 2012 முதல் கிரியோலும் விருப்பப் பாடங்களில் ஒன்று. தமிழ் எடுக்கிற பிள்ளைக்கு அது பாடமாகக் கிடைக்காது என்றாலும், விளம்பரப் பலகையிலும் அப்பாவின் போன் மெசேஜிலும் கிரியோல் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஆக, எழுத்து அதே 26. கணக்கு மூன்று.

ரோஸ் ஹில் ஊரில் நின்று பஸ் பலகைகளைப் பாருங்கள், சிக்கல் முழுதும் அங்கேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கியூர்பிப் ஊருக்குப் போகிற பஸ் வருகிறது. அந்தப் பெயரின் பின்பாதியை (பி-ஐ-பி-ஈ) மட்டும் இங்கிலீஷ் புத்தகத்தில் பார்த்தால் ‘பைப்’ என்று வாசிக்க வேண்டும். கடைசியில் நிற்கிற ஈ இரண்டு மொழியிலும் வாய் திறக்காது. ஆனால் பிரெஞ்சில் அது தனக்கு முன்னால் இருக்கிற மெய்யெழுத்தைக் கேட்கவைப்பதற்காக நிற்கிறது. இங்கிலீஷில் அதற்கும் முன்னால் இருக்கிற உயிரெழுத்தின் ஒலியையே மாற்றுவதற்காக நிற்கிறது: எஃப்-ஐ-என் என்றால் ஃபின், பின்னால் ஒரு ஈ வந்து நின்றால் ஃபைன். அடுத்து கத்ர் போர்ன் ஊர் பஸ். அதில் கியூவும் யூவும் சேர்ந்து வெறும் ‘க்’. இங்கிலீஷ் ‘குவீன்’ வார்த்தையில் அதே இரண்டும் ‘க்வ்’. ரோஸ் ஹில் என்ற பெயரிலேயே இரண்டு இங்கிலீஷ் விதிகள் இருக்கின்றன: ரோஸ் கடைசியில் பேசாத ஈ, ஹில் கடைசியில் இரட்டை எல். ஆனால் நம்மூர் வாயில் அது ‘ரோஸ் இல்’. எச் யார் காதிலும் விழாது. காதில் விழுந்ததை எழுது என்று சொன்னால் பிள்ளை எச் இல்லாமல்தான் எழுதும், அது நியாயமும்கூட.

கிரேட் 2 நோட்டில் அடிக்கடி பார்க்கிற மூன்று பிழைகள். ‘மூன்’ என்பதற்கு எம்-ஓ-யூ-என். ‘ஷி’ என்பதற்கு எஸ்-எச்-ஐ. ‘லைக்’ என்பதற்கு எல்-ஏ-ஒய்-கே. இவற்றைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் அர்த்தமில்லை. ஓ-யூ என்றால் ‘ஊ’ என்று பிரெஞ்சு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐ என்றால் ‘ஈ’ என்பதும் அங்கே கற்றதுதான். ஏ-ஒய் என்றால் கிரியோலில் ‘ஆய்’, நாம் ‘த்ராவாய்’ (வேலை) எழுதுவது அப்படித்தான். பிள்ளை சரியான விதியை வேறு மொழியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. சார்ல்ஸ் ரீட் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970-களிலேயே இதைக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகள் ‘ட்ரெயின்’ மாதிரியான வார்த்தைகளைச் சி-எச்-ஆர் என்று ஆரம்பித்து எழுதினார்கள். ஆர் முன்னால் வரும்போது அந்த முதல் ஒலி நிஜமாகவே ‘ச்’ போலக் கேட்கிறது. பெரியவர்களின் காது மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் சிவப்பு மை எடுப்பதற்கு முன்னால் பிழையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோலும் இதிலிருந்து வந்ததுதான்: இந்த வார்த்தை எந்த மொழியின் கணக்கில் வரும் என்று பிள்ளைக்குக் காட்டித்தருகிற முறை எது?

திக்தே

வாரத்துக்கு ஒரு பட்டியல், வெள்ளிக்கிழமை சொல்லச் சொல்ல எழுதுவது. நம் அப்பா அம்மா காலத்திலிருந்து ஓடுகிற வண்டி. இதற்கு ஒரு பெரிய சௌகரியம், வீட்டில் யாரும் மெனக்கெட வேண்டாம். பட்டியல் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்துவிடும். பிள்ளை ஐந்து தடவை, பத்து தடவை எழுதும். பாட்டிகூட மேற்பார்வை பார்க்கலாம். மதிப்பெண்ணும் கையோடு தெரிந்துவிடும், பத்துக்குப் பத்து.

குறை என்ன? வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்கிய வார்த்தையை அடுத்த வாரக் கட்டுரையில் தப்பாக எழுதும். பட்டியலில் இருக்கிற வார்த்தைகளுக்குள் ஒட்டும் உறவும் இருக்காது: ஒரு பழம், ஒரு கிழமை, ஒரு நிறம், ஒரு மிருகம். பொருளால் சேர்த்திருப்பார்கள், எழுத்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். பத்து வார்த்தைக்குப் பத்துத் தனித்தனி ஞாபகம் வேண்டும். பத்துத் தடவை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் முதலில் முதல் எழுத்தைப் பத்து வரிசையிலும் எழுதிவிட்டு, பிறகு இரண்டாவது எழுத்தைப் பத்து வரிசையிலும் எழுதிக்கொண்டே போவார்கள். கை வேலை முடிந்துவிடும். வார்த்தையை ஒருமுறைகூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தீவுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. திக்தேயின்போது பிள்ளை முழித்தால் பெரியவர்கள் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த மொழியில்? இங்கிலீஷில் ஜி, ஜே என்கிற இரண்டு எழுத்துகளின் பெயரும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட தலைகீழ். ஜி அங்கே ‘ஜே’ மாதிரி ஒலிக்கும், ஜே அங்கே ‘ஜி’ மாதிரி ஒலிக்கும். இங்கிலீஷ் ஈ-யின் பெயர், பிரெஞ்சில் ஐ எழுத்தின் பெயர். நீங்கள் இங்கிலீஷில் ‘ஈ’ என்று சொல்ல, பிள்ளை பிரெஞ்சில் கேட்டு ஐ போட்டுவிடும். வாய்வழி எழுத்துக்கூட்டல் இங்கே சண்டையில் முடிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எழுத்தைச் சொல்லாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

அப்படியானால் திக்தே வேண்டவே வேண்டாமா? வேண்டும், கொஞ்சமாக. எந்த விதிக்கும் அடங்காத, ஆனால் வரிக்கு வரி வருகிற சில வார்த்தைகள் இருக்கின்றன: செட், வாஸ், தே, ஒன், டூ, ஹூ, பிகாஸ். எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கர் 1936-ல் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் ஓயாமல் வருகிற 220 வார்த்தைகளைத் தொகுத்தார்; அந்தப் பட்டியலை இன்றைக்கும் பல பள்ளிகள் சுவரில் ஒட்டுகின்றன. அதில் ஒழுங்காக விதிப்படி நடக்கிற வார்த்தைகளே ஏராளம், அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடங்காதவற்றை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று என்று எடுத்து, இங்கிலாந்துப் பள்ளிகளில் செய்வதுபோல் பார், மூடு, எழுது, சரிபார் என்று பழக்கினால் போதும். வார்த்தையைப் பார்த்துப் பார்த்து எழுதுவதைவிட, மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதுவதில்தான் பலன்.

ஃபோனிக்ஸ்

இது எழுத்தின் பெயரை விட்டுவிட்டு எழுத்தின் ஒலியைக் கற்பிப்பது. ஒலிகளைச் சேர்த்தால் வாசிப்பு, வார்த்தையை ஒலிகளாகப் பிரித்தால் எழுத்து. உலகமெங்கும் ஓடுகிற ஜாலி ஃபோனிக்ஸ் இங்கிலீஷை 42 ஒலிகளாகப் பிரித்துச் சொல்லித்தருகிறது. முறையாக, வரிசையாகச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் சின்னப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஸ்பெல்லிங்கையும் தூக்கிவிடுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தில் 2006-ல் ரோஸ் அறிக்கை அதையே பரிந்துரைத்தது, 2012-லிருந்து அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது. ஆகவே இதை யூடியூப் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிரேட் 1 பிள்ளைக்கு ஆரம்பம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஃபோனிக்ஸ் சொல்லித்தருகிறவர்கள் படுகிற பெரும்பாடு, மெய்யெழுத்தின் ஒலியோடு ஒரு ‘அ’ ஒட்டிக்கொள்வது. எம் எழுத்துக்கு ‘ம’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை ‘மேன்’ வார்த்தையை ‘ம-ஏ-ன’ என்று இழுக்கும், ஒலிகள் சேராது. நம் பிள்ளைகளுக்கு ‘ம’ வேறு ‘ம்’ வேறு என்று முதல் வருஷமே தெரியும். “இதுக்குப் புள்ளி வைச்சுச் சொல்லு” என்றால் முடிந்தது கதை. தமிழ் வகுப்பில் நான் இலவசமாகச் செய்கிற இங்கிலீஷ் சேவை இது ஒன்றுதான்.

ஆனால் ஸ்பெல்லிங் என்று வரும்போது ஃபோனிக்ஸ் பாதி வழியில் நின்றுவிடுகிறது. வாசிக்கும்போது எழுத்திலிருந்து ஒலிக்குப் போகிறோம், வழி ஓரளவு தெளிவு. எழுதும்போது ஒலியிலிருந்து எழுத்துக்கு வர வேண்டும், அங்கே ஒரே ஒலிக்கு நாலைந்து வாசல். ‘ஏ’ ஒலி கேட்டதா? ரெயின் மாதிரி ஏ-ஐ போடலாம், வே மாதிரி ஏ-ஒய் போடலாம், லேக் மாதிரி ஏ போட்டுக் கடைசியில் ஈ வைக்கலாம். எதைப் போடுவது என்று காது சொல்லாது.

காதைப் பற்றி இன்னொன்று. ஃபோனிக்ஸ் பாடங்களெல்லாம் இங்கிலீஷ்காரர்களின் வாயை நம்பி எழுதப்பட்டவை. ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் அவர்களுக்கு வேறு வேறு ஒலி, கிரியோல் பேசும் நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, அம்மாவுக்கும் சரி, சில சமயம் மிஸ்ஸுக்கும் சரி. ‘த்ரீ’யும் ‘ட்ரீ’யும் அப்படியே. (இதில் மட்டும் தமிழ் கைகொடுக்கும், ‘த’ நமக்கு வரும்.) ஒலி வித்தியாசம் காதில் விழாத இடத்தில் ஒலியை நம்பி எழுது என்பது நடக்காத காரியம். உச்சரிப்பை முதலில் திருத்துங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மொரிஷியஸ் உச்சரிப்போடு நன்றாக இங்கிலீஷ் எழுதுகிற வக்கீல்களும் டாக்டர்களும் இந்தத் தீவில் ஏராளம், அவர்கள் கண்ணால் கற்றவர்கள்.

அட்டைகள்

பழைய காலண்டர் தாள், சீரியல் டப்பா, எது கிடைத்தாலும் சரி. பன்னிரண்டு, பதினைந்து துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் ஒரே ஒலியைச் சுற்றியே இருக்க வேண்டும். மேலே சொன்ன ‘ஏ’ ஒலியையே எடுத்துக்கொள்வோம்: ரெயின், ட்ரெயின், ஸ்னெயில், வெயிட்; டே, வே, மே, ப்ளே; லேக், மேக், நேம், கேம். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத வார்த்தை இருந்தால் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள், அது இந்த வாரத்துக்கானது இல்லை. பிறகு கேளுங்கள்: எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரி. பிரித்துவிடும், இதில் கஷ்டமில்லை.

பிரித்த பிறகு கேட்கிற கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. “ஏ-ஐ எங்கே உட்கார்ந்திருக்கு? ஏ-ஒய் எங்கே உட்கார்ந்திருக்கு?” கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது முடியாத காரியம், நாக்கு துடிக்கும். ஏ-ஐ எப்போதும் நடுவில், ஏ-ஒய் எப்போதும் கடைசியில் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒரு நிமிஷம் பத்து வார்த்தை திக்தேக்குச் சமம். காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு ஐ எழுத்தில் முடிவது பிடிக்காது, அந்த இடத்துக்கு ஒய்யை அனுப்பிவிடும். அப்போது யாராவது ஒரு சுட்டி டாக்ஸி என்று எடுத்துக்கொடுக்கும். சரிதான், டாக்ஸி விதிவிலக்கு, அது ஒரு நீளமான வார்த்தையை வெட்டிச் சுருக்கியது. நம் கறியை வைத்தே காட்டலாம். பிரெஞ்சிலும் கிரியோலிலும் அது ஐ எழுத்தில் முடியும், இங்கிலீஷில் மட்டும் இரட்டை ஆர் போட்டு ஒய்யில் முடியும். ஹோட்டல் பலகைகளில் இரண்டு விதமும் பார்த்திருப்பார்கள்.

இதே மாதிரி பிள்ளையே கண்டுபிடிக்கக்கூடிய விதிகள் நிறைய. வி எழுத்திலும் இங்கிலீஷ் வார்த்தை முடியாது, அதனால்தான் ‘ஹேவ்’ கடைசியில் ஒரு ஈ; அந்த ஈ உயிரெழுத்தை மாற்றுவதற்கு வந்ததல்ல, வி-க்குக் காவலாக நிற்பது. குறுகிய உயிரொலிக்குப் பின்னால் ‘க்’ வந்தால் சி-கே (நெக், லக், சாக்), மற்ற இடத்தில் வெறும் கே (மில்க், வீக்). குட்டி வார்த்தைகளில் குறுகிய உயிரொலிக்குப் பின்னால் வருகிற எல், எஸ், எஃப் இரட்டிக்கும்: ஹில், மிஸ், ஆஃப். மறுபடி ரோஸ் ஹில் பலகை. ‘மிஸ்’ என்ற வார்த்தையை இந்தக் குவியலில் வைக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு சிரிப்பு. பஸ், யெஸ் என்று அடங்காதவையும் உண்டு. அவற்றுக்கு ஓரமாக ஒரு குவியல், பிள்ளைகள் அதற்கு ஏதாவது பெயர் வைத்துவிடுவார்கள். ‘செட்’ வார்த்தைக்கு இடம் அங்கேதான்: ஏ-ஐ எழுத்து இருக்கிறது, ‘ஏ’ ஒலி இல்லை.

மொரிஷியஸுக்கென்று நான் சேர்க்கச் சொல்வது ஒரு பிரெஞ்சுக் குவியல். ஓ-யூ அட்டைகளை எடுங்கள்: ஹவுஸ், அவுட், மவுஸ், சூப், க்ரூப். முதல் மூன்றில் ‘அவ்’, கடைசி இரண்டில் ‘ஊ’. சூப்பும் க்ரூப்பும் பிரெஞ்சு வகுப்பிலும் இருக்கிறவை, பிள்ளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. பழைய இங்கிலீஷில் வீட்டுக்கு ‘ஹூஸ்’ என்றுதான் பெயர், எழுதியது எச்-யூ-எஸ். 1066-க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிக்கு வந்ததும், ‘ஊ’ ஒலிக்குத் தங்கள் வழக்கப்படி ஓ-யூ எழுதும் பழக்கம் பரவியது. பின்னால் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலீஷின் நெட்டுயிர்கள் மெல்ல இடம் மாறின, ‘ஹூஸ்’ ‘ஹவுஸ்’ ஆனது; எழுத்து மட்டும் நகரவில்லை. குவீன் வார்த்தைக்குக் கியூ-யூ போட்டதும் அதே எழுத்தர்களின் கைவண்ணம், அதற்கு முன் அது சி-டபிள்யூ என்றுதான் ஆரம்பித்தது. சி-எச் குவியலும் அப்படியே. சீஃப், ஷெஃப் இரண்டும் ஒரே பிரெஞ்சு வார்த்தை. பிரெஞ்சிலேயே சி-எச் ‘ச்’ என்று ஒலித்த காலத்தில் இங்கிலீஷுக்குப் போனது சீஃப். அது ‘ஷ்’ ஆன பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் போனது ஷெஃப்.

கிரேட் 2 பிள்ளைக்கு நார்மன் படையெடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். எம்-ஓ-யூ-என் என்று எழுதிய பிள்ளையை ‘முட்டாள்’ என்று சொல்ல வருகிற வாய், எண்ணூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்து எழுத்தரும் அப்படித்தான் யோசித்தார் என்று தெரிந்தால் மூடிக்கொள்ளும். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “நீ பிரெஞ்சு கணக்கில் போட்டுட்டே. இது இங்கிலீஷ் வார்த்தை, இதுக்கு ரெண்டு ஓ.”

அட்டை முறையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நேரம் எடுக்கும். அட்டை எழுதுவதற்கு யாராவது ஒரு பெரியவர் வாரத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டும், எந்த வார்த்தைகளை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பட்டியலோடு அது ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை மதிப்பெண் ஏறாது, ஏன் இந்த விளையாட்டு என்று அப்பா கேட்பார். பிரித்துவிட்டு அப்படியே டப்பாவில் போட்டுவிட்டால் ஒன்றும் நிற்காது. பிரித்த பிறகு அட்டையை மூடி, ஒவ்வொரு குவியலிலிருந்தும் இரண்டு வார்த்தையை நோட்டில் எழுதவைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்த விதிக்குள் வருகிற, ஆனால் அட்டையில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், ‘டெயில்’ என்றோ ‘ஸ்டே’ என்றோ. எழுதிவிட்டால் விதி உள்ளே போயிருக்கிறது. திக்தே பட்டியலால் இந்தச் சோதனையில் தேற முடியாது, அது தன்னிடம் இருக்கிற பத்து வார்த்தைக்கு மட்டும்தான் பொறுப்பு.

மற்ற வழிகள்

ஆப்: பிள்ளையை இருபது நிமிஷம் உட்காரவைக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவை தட்டினால் போதும் என்கிற ரகம், எழுத்தை எழுதவே வேண்டியதில்லை. அமெரிக்க ஸ்பெல்லிங் வேறு. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழியில் போகின்றன, மேலே போனால் கேம்பிரிட்ஜ் பரீட்சை. ‘கலர்’ வார்த்தையில் யூ இருக்க வேண்டும், பிரெஞ்சில் நிறத்துக்குப் பெயர் ‘குலர்’, அதிலும் யூ உண்டு என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆப் அந்த யூவைத் தின்றுவிடும். பதிவிறக்குமுன் அமைப்பில் பிரிட்டிஷ் இங்கிலீஷ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூஷன்: நான் பார்த்தவரை பெரும்பாலும் அதே திக்தே, வேறு மேஜையில். கிரேட் 6 முடிவில் பி.எஸ்.ஏ.சி. பரீட்சை இருக்கிறதே என்ற பயத்தில் கிரேட் 1-லேயே ஓடுகிறவர்கள் அந்தப் பணத்துக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கலாம்.

நிறைய வாசித்தால் ஸ்பெல்லிங் தானாக வந்துவிடும் என்கிறவர்களும் உண்டு. சில பிள்ளைகளுக்கு வரும். நன்றாக வாசித்துக்கொண்டே மோசமாக எழுதுகிற பிள்ளைகளும் வகுப்புக்கு இரண்டு மூன்று இருப்பார்கள், ஏனென்றால் வாசிக்கும்போது வார்த்தையின் பாதியைப் பார்த்தாலே போதும். வாசிப்பை விடக் கூடாது, அதை மட்டும் நம்பவும் கூடாது.

உங்கள் வீட்டுக்கு எது

கிரேட் 1 முதல் இரண்டு தவணை, அதாவது பிள்ளைக்கு இன்னும் மூன்றெழுத்து வார்த்தைகளே தடுமாறும் காலம்: ஃபோனிக்ஸ். வீட்டில் இங்கிலீஷ் ஒலிகளைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் நல்ல வீடியோ, கூடவே நீங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்காதீர்கள். அட்டையை இப்போது எடுத்தால் பிள்ளை குழம்பும். வாசிக்கத் தெரியாத வார்த்தையில் விதி தேட முடியாது.

கிரேட் 1 கடைசியிலிருந்து கிரேட் 3 வரை அட்டைகள். வாரத்துக்கு ஒரு குவியல் கூட்டம், நாளுக்குப் பத்து நிமிஷம். பாட்டி தாத்தா மட்டுமே மாலையில் வீட்டில் இருக்கிற குடும்பங்களுக்கும் இதைத்தான் சொல்வேன், அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஃபோனிக்ஸ் சொல்லித்தர வாய் சரியாக இருக்க வேண்டும், திக்தே சொல்ல வார்த்தையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அட்டைக்குப் “பேத்தி, இதை ஏன் அந்தப் பக்கம் வைச்சே?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். பதில் சரியா என்று அம்மா இரவு வந்து பார்த்துக்கொள்ளலாம். தெரியாத பாட்டிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிற பிள்ளை, தெரிந்த அம்மாவிடம் ஒப்பிக்கிற பிள்ளையைவிட அதிகம் யோசிக்கிறது.

பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை திக்தேயைக் கட்டாயப்படுத்தினால் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பட்டியலையே வெட்டி அட்டையாக்கி, ஒத்துப்போகிற வார்த்தைகளை வீட்டில் நீங்கள் இன்னும் நான்கைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். அடங்காதவற்றைப் பார், மூடு, எழுது, சரிபார்.

கிரேட் 3-ல் ஒரு புது வகை சேரும், ஒலியும் உதவாது, பார்வையும் பாதிதான் உதவும், அர்த்தம்தான் வழிகாட்டும். நடந்து முடிந்த செயலைச் சொல்லும் ஈ-டி விகுதி அப்படிப்பட்டது. ஜம்ப்டு வார்த்தையில் அது ‘ட்’ என்று வெடிக்கிறது, ப்ளேய்டு வார்த்தையில் மென்மையாக ‘ட்’, வான்டெட் வார்த்தையில் ‘எட்’. கேட்கிறது மூன்று விதம், எழுதுவது ஒன்று. மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு, எல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டால் போதும். நேற்று. தமிழ் வகுப்பில் ‘நடந்தான், ஓடினான், பார்த்தான்’ என்று இறந்தகாலம் படித்திருக்கிற பிள்ளைக்கு இது உடனே பிடிபடும்.

இவ்வளவும் செய்து கிரேட் 3 கடைசி வரை பிள்ளை வார்த்தையின் நடு எழுத்துகளை விட்டுவிட்டே எழுதினாலோ, நேற்று பிரித்த குவியலே இன்று புதிதாகத் தெரிந்தாலோ, பிரெஞ்சிலும் தமிழிலும் அதே தடுமாற்றம் இருந்தாலோ, முறையை மாற்றிக்கொண்டே போவதில் பிரயோசனமில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால், வாசிக்கவும் எழுதவும் திணறவைக்கும் டிஸ்லெக்ஸியா இருக்கலாமா என்று வகுப்பு ஆசிரியரிடம் நேராகக் கேட்டு, அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். மூன்று மொழி படிப்பதால் வந்த குழப்பம் என்று யாராவது சமாதானம் சொல்லி, தமிழை நிறுத்திவிடுங்கள் என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்ட வேண்டாம்.